மருந்து என்று சொல்லச் சொன்ன பாக்கியம் சிஸ்டர்

அன்று மாத்திரைத் தட்டு எட்டே காலுக்கு வந்தது. பாக்கியம் சிஸ்டர் இருந்தவரை எட்டு மணி என்றால் எட்டு மணிதான். அந்தக் கால்மணி நேரமும் நான் கட்டிலில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டோடு வந்தவள் கலா. எங்கள் முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றுவது, குளிப்பாட்டுவது அவள் வேலை. அதற்கு முன் புதியம்புத்தூர் தையல் யூனிட்டில் காலர் தைத்தவள். தட்டில் இருந்த சிறு கிண்ணங்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

"சிஸ்டர் எங்கட்டி?" என்றேன்.

"தாத்தா, சிஸ்டர் போயிட்டாவ. நேத்து சாயந்தரம் நெஞ்சு வலிக்குன்னு சொல்லிருக்காவ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே முடிஞ்சிருச்சாம்."

துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. கிண்ணங்களில் பெயர்ச்சீட்டு இல்லை. எது எனக்கு, எது பக்கத்துக் கட்டில் சங்கரலிங்கத்துக்கு என்று அவளுக்கும் தெரியவில்லை. "வெள்ளை மாத்திரை உங்களுக்குத்தான தாத்தா?" என்று என்னிடமே கேட்டாள். தட்டில் இருந்தவற்றில் ஐந்து வெள்ளை.

இல்லத்தில் நடந்த நினைவுக் கூட்டத்தில் என்னை இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். முடியாது, எழுதித்தான் தருவேன் என்றேன். பேனரில் 'கருணையே வடிவானவர்' என்று போட்டிருந்தார்கள். அவரை அறிந்த நீங்கள் சொல்லுங்கள், அவரா கருணை வடிவம்? கடுகடுத்த மனுஷி. பொய் சொன்னால் முகத்துக்கு நேரே பொய் என்பார். ஒரு மாத்திரையை விழுங்கினேனா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். நாகலாபுரத்துக்காரர். அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு எங்கள் இல்லத்துக்கு வந்தார். வந்த நாளிலிருந்து எனக்கும் அவருக்கும் சண்டைதான்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ராமையா. தீப்பெட்டி ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் குச்சித் தலைக்கு மருந்து கலந்தவன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் தீப்பெட்டி லேபிளையும், சாமான் மடித்து வந்த பேப்பரையும் வைத்து நானாகப் படித்தது. ஒருமுறை அரைத்த மருந்து காய்ந்து பற்றிக்கொண்டதில் இரண்டு கை விரல் நுனிகளும் வெந்து மரத்துப்போயின. இன்றைக்கும் சூடு குளிர்ச்சி சரியாகத் தெரியாது. யாருடைய தயவும் இல்லாமல் வாழ்ந்தவன் என்ற எண்ணம் எனக்கு அதிகம். அதனால்தான் கடம்பூர் ரோட்டில் இந்தக் கட்டடத்தில் கொண்டுவந்து விட்ட என் பிள்ளைகளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிப்பதாகவும் இல்லை.

சிஸ்டர் வந்த முதல் வாரமே என் தலையணை உறையிலிருந்து ஆறு பொட்டலம் எடுத்தார். 'செட் மாத்திரை' என்போமே, மருந்துக்கடையில் முழங்கால் வலி என்று சொன்னதும் நாலு நிறத்தில் நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துத் தருவார்களே, அது. போட்டால் ஒரு மணி நேரத்தில் நான் நடப்பேன்.

"இதுல என்ன இருக்குன்னு தெரியுமா அண்ணாச்சி?"

"வலி போவுது. அது போதும்."

"வலி போவும். கூடவே கிட்னியும் போவும். வயித்துல புண்ணு வந்து ரத்தமா எடுக்கும். நீங்க குச்சிக்கு மருந்து கலந்தவரு. உள்ள என்னென்ன போட்டுருக்குன்னு தெரியாம ஒரு கலவையத் தொடுவீங்களா?"

தொடமாட்டேன்தான். அதனால் கோபம் வந்தது. அவர் டாக்டரிடம் பேசி, எனக்கு நேரம் தவறாமல் பாரசிட்டமால் கொடுத்தார். வலி ஏறுவதற்கு முன்னாலேயே கொடுத்தார். காய்ச்சல் பிள்ளைக்குக் கொடுப்பதை எனக்குக் கொடுக்கிறார் என்று மேலாளரிடம் மூன்று முறை எழுத்தில் புகார் கொடுத்தேன். மூன்றையும் சிஸ்டரே வாங்கிப் படித்துவிட்டு, "எழுத்து நல்லாருக்கு. நாலாவது எழுதும்போது கால் எப்படி இருக்குன்னும் எழுதுங்க" என்றார். கால் பரவாயில்லாமல்தான் இருந்தது. அதனால் நாலாவது எழுதவில்லை.

வலி டாக்டர் என்று ஒருவர் மாதம் ஒருமுறை வருவார். அவர் ஒரு படிவம் கொடுத்திருந்தார். ஒவ்வொருவரிடமும் வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுத வேண்டும். எங்கள் ஆட்களிடம் அது செல்லுபடியாகவில்லை. சங்கரலிங்கம் மளிகைக் கடை வைத்திருந்தவர். அவர் சிரித்துக்கொண்டே, "பத்துக்குப் பத்து போடுங்க சிஸ்டர். பள்ளிக்கூடத்துல ஒருதடவகூட வாங்குனதில்ல" என்றார். அன்று அவருக்கு வலி குறைவு. நான் சைபர் என்றேன். அன்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கக்கூஸுக்குப் போய் வந்திருந்தேன். மற்றவர்கள் எல்லாரும் "ஒண்ணுமில்ல தாயி, நல்லாருக்கேன்" என்றார்கள். யார் நலம் விசாரித்தாலும் அப்படிச் சொல்லித்தானே நமக்குப் பழக்கம்.

மறுநாள் அவர் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு நோட்டோடு வந்தார். என் கட்டில் பக்கம் நின்று, "அண்ணாச்சி, இன்னைக்கு எது ஏலல?" என்று கேட்டார்.

என்னை அறியாமல், "வலது கால்ல செருப்பு மாட்ட ஏலல" என்றேன்.

அவ்வளவுதான். அதை அப்படியே எழுதிக்கொண்டார். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்கிற வாய், எது ஏலவில்லை என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறது. சங்கரலிங்கம் வலது பக்கம் ஒருக்களிக்க ஏலவில்லை என்றார். அன்றைக்கே அவர் முதுகெலும்பைப் படம் எடுக்க அனுப்பினார்கள். புராஸ்டேட் சுரப்பியில் தொடங்கிய புற்று எலும்புக்குப் போயிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

பேச்சே போய்விட்ட கோமதியம்மாளை இங்கே சொல்ல வேண்டும். குளிப்பாட்டும்போது அந்த அம்மாள் கூச்சல் போட்டு, கலாவை அறைவார். கிறுக்கு முற்றிவிட்டது, தூக்க மாத்திரை கொடுத்துவிடலாம் என்று மேலாளர் சொன்னார். சிஸ்டர் மூன்று நாள் குளியலறை வாசலில் நின்று பார்த்தார். இடது கையைத் தூக்கும்போது மட்டும்தான் கூச்சல் வருகிறது என்று கண்டுபிடித்தார். தோள் மூட்டு இறுகிப்போயிருந்தது. குளியலுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் வலி மாத்திரை, சட்டையை அந்தக் கையில் முதலில் மாட்டுவது, கடைசியில் கழற்றுவது. கூச்சல் நின்றது. "சொல்லத் தெரியாதவங்க அடிப்பாங்க. அதுவும் பதில்தான்" என்றார். அன்று முதல் எனக்கு ஒரு பயம் உண்டு. நானும் ஒருநாள் பேச்சு போய்ப் படுப்பேன். அப்போது வாசலில் நின்று பார்க்க யார் இருப்பார்கள்?

இனி நான் செய்த காரியத்தை எழுத வேண்டும். சிஸ்டர் இருந்தவரை இதை இல்லத்துக்கு வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

சங்கரலிங்கத்துக்கு மாத்திரையில் வலி அடங்காமல் போனபோது வலி டாக்டர் ஒட்டு மருந்து எழுதினார். கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிய ஒரு துண்டு. தோளுக்குக் கீழே முதுகில் ஒட்டி, மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மருந்து தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். நாங்கள் எல்லாரும் அதைப் பிளாஸ்திரி என்றோம். இடுப்புப் பிடிப்புக்குக் காலம் காலமாக ஒட்டுவோமே, அதே பெயர். பெயர் ஒன்று என்றால் சங்கதியும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. இடுப்புப் பிளாஸ்திரி ஒட்டினால் மேலே சூடு காட்டுவோம், நன்றாகப் பிடிக்கும் என்று.

மார்கழி மாதம். விடிந்தும் குளிர் போகவில்லை. சங்கரலிங்கம் தோள் இழுக்கிறது என்றார். நான் சமையல் அறைக்குப் போய்க் கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து வந்து, பிளாஸ்திரிக்கு மேலேயே ஒத்தடம் கொடுத்தேன். என் விரலுக்குச் சூடு தெரியாது. ஆறிவிட்டதோ என்று மறுபடி வறுத்து வந்தேன். மூன்று முறை. "நல்லாருக்கு வே" என்றார். பிறகு தூங்கினார். பல மாதங்களாக அப்படித் தூங்கியதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுப்பவில்லை. குறட்டை விட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. டாக்டருக்கு முடியாததை உப்பு முடிந்து சாதித்தேன் என்று சமையல்கார அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை மாத்திரையைக் கொடுத்துவிட்டு சிஸ்டர் வெளியே போயிருந்தார். இரண்டு மணிக்குத் திரும்பிவந்து படியேறும்போதே நின்று காதைக் கொடுத்தார்.

"யார் குறட்டை அது?"

"சங்கரலிங்கந்தான். நல்ல தூக்கம்."

"அது தூக்கமில்ல."

ஓடினார். அந்த உடம்போடு அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சை எண்ணினார். நிமிஷத்துக்கு ஆறு. இமையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணின் கருமணி கடுகளவு சுருங்கியிருந்தது. முதுகைத் திருப்பி ஒட்டைப் பிய்த்து எடுத்து, அந்த இடத்தைத் தண்ணீரால் துடைத்தார். தோல் சிவந்து கிடந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, கன்னத்தைத் தட்டி, "அண்ணாச்சி, மூச்ச இழுங்க. இழுங்க" என்று அதட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவே அந்த அறையில் இருந்த அமைதியை நான் இன்னும் கேட்கிறேன். அடுத்தது வருமா, வராதா? தீப்பெட்டி ஆபீஸில் மருந்து பற்றிக்கொண்ட அன்றுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் முறிவு ஊசி போட்டார்கள். ஒன்று போதவில்லை, தோலுக்குள் தங்கிய மருந்து மறுபடி மறுபடி இறங்கியது என்று பிறகு சொன்னார்கள். மூன்றாம் நாள் சங்கரலிங்கம் திரும்பி வந்தார்.

சிஸ்டர் எல்லாரையும் கூட்டி, சூடு வைத்தது யார் என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். "நாந்தான். நல்லதுக்குத்தான் வச்சேன்."

"எல்லாரும் நல்லதுக்குத்தான் செய்யுதாவ அண்ணாச்சி. கெட்டதுக்குச் செய்யுதவன்னா நான் கதவப் பூட்டிருவேன். நல்லதுக்குச் செய்யுதவங்கள எங்கன பூட்ட?"

பிறகு என்னைத் தனியே அழைத்து உட்கார வைத்தார். சூடு பட்டால் மூன்று நாளுக்கான மருந்து சீக்கிரமாக ரத்தத்தில் இறங்கிவிடும், காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான், வெயிலில் முதுகு காட்டி உட்கார்ந்தாலும் ஆபத்துதான் என்று விளக்கினார். கடைசியில் சொன்னார்: "தப்பு உங்க கையில இல்ல. அந்தப் பேர்ல இருக்கு. இனிமே இந்தக் கட்டடத்துல யாரும் அத பிளாஸ்திரின்னு சொல்லக்கூடாது. மருந்துன்னு சொல்லணும். மருந்துன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். எங்கள் கரிசல் காட்டில் மருந்து என்றால் மூன்று. குச்சித் தலையில் பற்றுவதும் மருந்து. பருத்திக்கு அடிப்பதும் மருந்து. மனம் விட்டுப்போனவர்கள் எடுத்துக் குடித்ததும் அதைத்தான். டாக்டர் தருவதும் மருந்து. மூன்றிலும் அளவு தப்பினால் ஆள் இல்லை. ஒரு சொல்லைத் திருப்பி வைத்து என் மரத்த விரலுக்குச் சூடு தெரிய வைத்தார் அவர்.

அதற்குப் பின் ஒட்டு மாற்றும் நாளில் என்னைப் பக்கத்தில் நிற்கச் சொல்வார். பழையதை எடுத்துக் காட்டுவார். பசையுள்ள பக்கம் உள்ளே வரும்படி மடித்துப் பூட்டுள்ள பெட்டியில் போடுவார். அதில் மிச்சமிருக்கும் மருந்தே ஓர் ஆளுக்குப் போதும் என்பார். புதியதை மறு பக்கத்தில் ஒட்டி, பேனாவால் அதன் மேல் தேதி எழுதுவார். அதன் பிறகு, "வெளிக்குப் போச்சா?" என்று சங்கரலிங்கத்திடம் கேட்பார். அந்த மருந்து மலத்தைக் கட்டிவிடுமாம். "என் வயித்துக்கு இவ்வளவு மரியாத எம் பொண்டாட்டிகூடக் குடுத்ததில்ல" என்பார் சங்கரலிங்கம்.

சிஸ்டர் இறந்த சேதி வந்த அன்று ஒட்டு மாற்றும் நாள். தட்டில் இருந்த மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு ஒத்துப் பார்க்காமல் யாரும் விழுங்கக் கூடாது என்று நான் சொன்னதில் ஏற்கெனவே மேலாளருக்கு எரிச்சல். பதினொரு மணிக்குக் கலா கையில் ஒட்டோடு வந்தாள். மேலாளர் பின்னால் நின்றார். கலா சங்கரலிங்கத்தின் பனியனைத் தூக்கி வலது தோளைத் துடைத்தாள்.

"பழச எடுத்தியாட்டி?"

"இங்கன ஒண்ணும் இல்ல தாத்தா. விழுந்துருக்கும்."

நான் எழுந்து கட்டிலுக்கும் அவளுக்கும் நடுவே நின்றேன். ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பழசக் காட்டு. அதுக்கப்புறம் புதுசு."

"பெரியவரே, நீங்க டாக்டரா?" என்றார் மேலாளர்.

"இல்ல. இவர ஒருதடவ கொல்லப் பார்த்தவன்."

சங்கரலிங்கம் குப்புறப் படுத்தபடியே, "அதையும் ஒழுங்காச் செய்யத் தெரியல இந்த ஆளுக்கு" என்றார்.

விரிப்பில் தேடினோம். கட்டிலுக்கு அடியில் தேடினோம். நான் முதுகைத் தடவினேன். என் விரலுக்கு ஒன்றும் படவில்லை. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரி, விழுந்துதான் இருக்கும் என்று என் மனமே சொல்லத் தொடங்கியது. "நீ தடவு" என்று கலாவிடம் சொன்னேன். பத்து வருஷம் துணி மடிப்பைப் பிடித்துத் தைத்த விரல்கள் அவளுடையவை. முதுகில் மெதுவாக இறங்கி, இடது விலாப் பக்கம் சதை மடிந்த இடத்தில் நின்றன.

"ஓரம் தட்டுது தாத்தா."

அங்கே இருந்தது. வியர்வையில் தேதி அழிந்து, தோலோடு தோலாக. முதுகில் ஒட்ட இடமில்லாமல் புண்ணாக இருந்ததால் சிஸ்டர் கடைசி முறை, நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில், விலாப் பக்கம் ஒட்டியிருக்கிறார். நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறார். நோட்டை யாரும் திறக்கவில்லை. கலா கையிலிருந்த புது ஒட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரலயே தாத்தா" என்று அழுதாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லித் தராமல் அந்த ஒட்டை அவள் கையில் கொடுத்தவர்கள்மேல் உண்டு. அது போகாது.

அன்று நர்ஸ் ஒருவர் வந்து ஒட்டும் வரை நான் கட்டில் பக்கத்தை விட்டு நகரவில்லை. புது சிஸ்டர் அடுத்த மாதம் வருவார் என்கிறார்கள். அதுவரை ஒரு கிளினிக்கிலிருந்து மூன்று நாளைக்கு ஒருமுறை நர்ஸ் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு முறையும் வேறு ஆள். கூட்டத்தில் கண்ணீர் விட்ட நிர்வாகத்தாரே, பேனர் அடிப்பதற்கு முன்னால் நீங்கள் ஒரு நர்ஸைத் தேடியிருக்க வேண்டும்.

என் பங்குக் குற்றமும் ஒன்று இருக்கிறது. இறப்பதற்கு நாலு நாள் முன்பு சிஸ்டர் வாசல் படி மூன்றை ஏறுவதற்குள் இரண்டு முறை நின்றார். இடது கையை உதறிக்கொண்டார். நான் பார்த்தேன். வெயில் என்று நினைத்தேன். எங்கள் எல்லாரிடமும் அவர் தினமும் கேட்ட கேள்வியை அவரிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அந்த வாயும் உண்மையைச் சொல்லியிருக்கும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். இப்போது காலையில் நானும் கலாவும் கட்டில் கட்டிலாகப் போய், எது ஏலவில்லை என்று கேட்கிறோம். அவள் நோட்டில் எழுதுகிறாள், நான் எழுத்துப் பிழை பார்க்கிறேன். கடைசியில் சங்கரலிங்கம், "உமக்கு எது ஏலல வே?" என்று என்னைக் கேட்பார். முந்தாநாள் வரை சைபர் என்றுதான் சொன்னேன். நேற்று, தூங்க ஏலவில்லை என்றேன். கலா அதையும் எழுதினாள்.

நாளை ஒட்டு மாற்றும் நாள். பத்து மணிக்கு, நான் முகம் பார்த்திராத ஒரு நர்ஸ் வருவார். அதற்கு முன் நோட்டைத் திறந்து வைக்க வேண்டும். சங்கரலிங்கத்தின் முதுகிலும் விலாவிலும் மருந்து எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்க்க வேண்டும். என் விரல்களை நம்ப முடியாது. இரண்டு தடவை தடவுவேன். பிறகு கலாவைத் தடவச் சொல்வேன்.